நெத்திலி மணக்கும் கேமராப் பை

அக்கா,

நேற்றுக் காலை மெல்பன் துல்லாமரின் விமான நிலையத்தில் உங்கள் பைக்கு முன்னால் ஒரு நாய் உட்கார்ந்துவிட்டது.

பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் தூக்கக் கலக்கத்தோடு நின்றுகொண்டிருந்தேன். வெளிநாட்டுச் சாப்பாட்டை மோப்பம் பிடிக்கிற கறுப்பு லாப்ரடார். மற்றவர்களுடைய மூட்டை முடிச்சுகளையெல்லாம் ஒரே முகர்வில் ஒதுக்கிவிட்டு வந்தது. உங்கள் கேமராப் பையிடம் வந்ததும் நின்று, வலது பக்கத்துச் சின்ன அறையில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்படி உட்கார்ந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். சீருடைப் பெண் வந்து, பையில் இறைச்சி, மீன் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். எப்போதாவது இருந்ததா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டதால், பாவம், அவளே டிஷ்யூ தேடி எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று வருடமாகிறது அக்கா. தேசிக்காய் என்று நீங்கள் சொல்லும் எலுமிச்சையும் சவர்க்காரமும் போட்டு, நீங்களே நாரால் தேய்த்த பை. மனித மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. நாய்க்குத் தெரிகிறது. கரடிக்கும் தெரியும் என்பதுதான் நம் கதை.

நாம் பழக ஆரம்பித்ததே பறவை பார்க்கப் போன இடத்தில்தான். மெல்பன் ஓரத்தில், பொயிண்ட் குக்கிலிருந்து வெரிபி போகிற வழியில், கழிவுநீர்க் குளங்களின் கரையில், நெற்றியில் சகதியோடு ஒரு பெண் குப்புறப் படுத்துக் கிடந்தார். யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று பதறி ஓடி வந்து, "ஆர் யூ ஓகே?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "உஷ்! அன்னம் போயிடும்" என்றீர்கள். தமிழா என்று வாயைப் பிளந்தேன். கறுப்பு அன்னம் பறந்து போனது. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, "நீர் வந்த சத்தத்துக்கு அன்னம் என்ன, ஆனையே போயிருக்கும்" என்றீர்கள். அன்றிலிருந்து சனிக்கிழமைக் காலைகள் உங்களோடுதான்.

நீங்கள் மன்னார். நான் தூத்துக்குடி. ஒரே கடலின் இரண்டு கரைகள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வெள்ளைக்காரப் பாட்டிகளுக்கு உப்பில்லாத உருளைக்கிழங்கு மசித்துக் கொடுப்பது உங்கள் வேலை. ஊரார் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. பெரும்பாலும் எந்தக் கரைக் கருவாடு உசத்தி என்றுதான் சண்டை போடுவோம். அந்த வழக்கில் தீர்ப்பு வரவேயில்லை.

கரடி ஆசை உங்களுக்கு எப்படி வந்தது என்பதை இப்போது நினைத்தாலும் வேடிக்கையாக இருக்கிறது. உங்கள் சமையலறையில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு மாதத்துப் படம் அலாஸ்காக் கடற்கரை. வற்றின கடலில், ஈர மணலில், ஒரு பழுப்புக் கரடி சிப்பி தோண்டிக்கொண்டிருந்தது. அந்தத் தாளைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்து என் காரில் விரித்துக் காட்டினீர்கள்.

"பாரும். வத்து நேரம் பாத்து வந்து மட்டி கிண்டுறா. எங்கட ஊர்ப் பொம்பிளையள் மாதிரியே குனிஞ்சு நிக்கிறா."

"அக்கா, அது கரடி."

"ஓம், கரடிதான். நான் என்ன பூனையெண்டா சொன்னனான்? அவவ நேர பாக்கவேணும்."

அந்த 'அவ' எனக்குப் புதிதாக இருந்தது. நான் கடைசிவரை 'அது' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் முதல் நாளே அவளை ஒரு வீட்டு மனுஷி ஆக்கிவிட்டீர்கள்.

போனோம். மெல்பனிலிருந்து பறந்து, மாறி, மறுபடி மாறி, கடைசியில் நம் வீட்டுச் சமையலறை அளவுகூட இல்லாத ஒரு குட்டி விமானத்தில் ஏறி, கடற்கரை மணலிலேயே இறங்கினோம். விமானம் போன பிறகு அங்கே விழுந்த அமைதியில் நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. நானும் திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு தகவல் அனுப்பி வைத்தேன். கரடி நெருங்காதபடி மின்கம்பி சுற்றிய ஐந்தாறு கூடாரங்கள். எதிரே பனி மூடிய மலை. வழிகாட்டி டேல், தாடிக்காரர், பேச்சைக் கஞ்சத்தனமாகச் செலவு செய்கிறவர். முதல் வேலையாக ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். சாப்பாடு, பற்பசை, உதட்டுக் களிம்பு என்று வாசனையுள்ள எதுவும் அதற்குள் போக வேண்டும். கூடாரத்திலும் கூடாது, பையிலும் கூடாது.

ஏன் என்பதையும் சொன்னார். மனிதன் கையிலிருந்தோ பையிலிருந்தோ ஒரு தடவை ருசி கண்ட கரடி திரும்ப வரும். திரும்பத் திரும்ப வரும் கரடியை ஒருநாள் சுட்டுவிடுவார்கள். ஆகவே உங்கள் பிஸ்கட் கரடிக்கு விருந்தல்ல, தூக்குக் கயிறு என்றார். நீங்கள் மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலை எடுத்து இரும்புப் பெட்டியில் வைத்தீர்கள். "பேந்து கேட்டா எடுத்துத் தருவினம்தானே?" என்று என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டீர்கள்.

நான் என்ன செய்தேன்? பொயிண்ட் குக்கில் கிளம்பும்போதே, என் பையில் இடமில்லாமல், வறுத்த நெத்திலிப் பொட்டலத்தை உங்கள் கேமராப் பையின் பக்க அறையில் செருகி வைத்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் உங்கள் ஊர்க் கருவாட்டின் பெருமை ஆரம்பித்துவிடும். டேல் கேட்டபோது அது நினைவிருந்தது. நன்றாகவே நினைவிருந்தது. மூன்று உறை போட்டுக் கட்டியிருக்கிறேன், எந்தக் கரடிக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஊர்விட்டு ஊர் போகும்போது கைக்கெட்டும் இடத்தில் காரமாக ஏதாவது இல்லாவிட்டால் எனக்குக் கை கால் ஓடாது. "வேறெதுவும் இல்லை" என்று தலையாட்டினேன். இரண்டாம் நாள் நீங்கள் முக்காலிமேல் குனிந்திருந்தபோது நாலு நெத்திலி எடுத்து ஓட்ஸ் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டேன். பொட்டலத்தைத் திரும்ப ஒழுங்காக மூடினேனா என்று இன்றுவரை தெரியாது.

அந்த இரண்டு நாளும் எவ்வளவு நன்றாக இருந்தது! கடல் வற்றும் நேரத்துக்குச் சரியாக அவள் வருவாள். இடது காது நுனியில் கிழிசல். பின்னாலேயே, அம்மா தோண்டியதைத் திருடித் தின்னும் ஒரு வளர்ந்த குட்டி. நகத்தால் ஒரு கிண்டு, சிப்பி வெளியே. அவ்வளவு பெரிய கை அதை உடைக்காமல் திறப்பதைப் பார்த்து, "எங்களுக்குக் கத்தி வேணும், அவவுக்கு வேண்டாம்" என்றீர்கள். நம்மோடு வந்திருந்த மற்ற நாலு பேரும் படபடவென்று எடுத்துத் தள்ளிக்கொண்டிருக்க, நீங்கள் ஈர மணலில் வயிறு பதியப் படுத்தபடி, விரலைக் கேமராப் பொத்தானில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்தீர்கள்.

"எடுங்கக்கா, போயிடப் போகுது."

"கண்ணில வெளிச்சம் விழாம நான் அமத்தமாட்டன். கண் இல்லாட்டி அது கரடிப் படம் இல்லை, மயிர்ப் படம்."

மூன்றாம் நாள் நாமெல்லோரும் ஒரு பெரிய மிதவை மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உங்கள் பை பத்தடி தள்ளி, முக்காலியின் காலடியில் கிடந்தது. அவள் தோண்டுவதை நிறுத்தி மூக்கைத் தூக்கினாள். பிறகு நேராக வந்தாள். ஓடவில்லை, உறுமவில்லை; கடைக்குப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள். எழுந்து ஒன்றாக நில்லுங்கள், யாரும் ஓடக்கூடாது என்றார் டேல். நம்மை அவள் பார்க்கவேயில்லை. பையின் வாரைக் கவ்வி இழுத்துப்போட்டு, பக்க அறையை ஒரே நகத்தில் கிழித்தாள்.

டேல் கத்தினார், கைதட்டினார், கடைசியில் கைத்தீப்பந்தம் ஒன்றைக் கொளுத்தினார். செந்தீயும் புகையும் சீறியதும் அவள் திடுக்கிட்டு விலகி, குட்டியோடு புல்வெளிப் பக்கம் ஓடினாள். வாயில் எதையோ மென்றுகொண்டேதான் ஓடினாள். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும்.

நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் தெரியுமா? அவ்வளவு கிட்டத்தில், உங்கள் கையிலேயே கேமரா இருக்க, ஒரு படம்கூட எடுக்கவில்லை. மண்டியிட்டு மணலில் சிதறிக் கிடந்த நெத்திலிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தீர்கள். தலை, வால், துணுக்கு எதையும் விடவில்லை. மணலைக்கூட அள்ளிச் சலித்தீர்கள். கிழிந்த உறைக்குள்ளிருந்து ஒரு கரித்துண்டு உருண்டு விழுந்தது. இது என்ன என்று டேல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீனோ கறியோ எடுத்துக்கொண்டு பயணம் போனால் பேய் தொடராமலிருக்க ஒரு கரித்துண்டு வைக்க வேண்டும் என்பது எங்கள் அம்மா சட்டம். நான் எங்கள் வீட்டு பார்பெக்யூ மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். நீங்கள் கரியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

டேலின் முகம் சிவந்திருந்தது. யாருடைய பை என்று கேட்டார். "மை பேக். மை மிஸ்டேக்" என்றீர்கள். இந்த மாதிரி ஆட்களால்தான் கரடிகள் சாகின்றன என்று எல்லோர் முன்னாலும் உங்களைத் திட்டினார். ஐம்பத்து நாலு வயதுக்காரி, சமையலறையில் ஒரு கரண்டி இடம் மாறினாலும் பொறுக்காதவர், தலை குனிந்து கேட்டுக்கொண்டு நின்றீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். பிழை கண்டுபிடிப்பதைப் பிழைப்பாக வைத்திருக்கிற எனக்கு அன்று வாய் திறக்கவில்லை. வெட்கம் அக்கா. வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

சாயங்காலம் கூடாரத்தில் கரித்துண்டை என் முன்னால் வைத்தீர்கள். "பேயைக் கலைக்கிற கரிக்குக் கரடியைக் கலைக்கத் தெரியேல்லை, பாத்தீரே" என்றீர்கள். நான் அழத் தொடங்கியதும், "அழுது என்ன செய்யிறது. எனக்குப் பேச்சு விழுந்ததெல்லாம் ஒண்டுமில்லை. அவ திரும்பி வரக்கூடாது. அதுதான் இப்ப விஷயம்" என்றீர்கள்.

கரடி பார்க்க உலகத்தின் மறுமுனைக்குப் போன நாம், மிச்சமிருந்த இரண்டு நாளும் கரடி வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் செபமாலை உருட்ட, நான் முருகனை நச்சரித்தேன். கடைசிக் காலையில் அவள் வந்தாள். மின்கம்பிக்கு வெளியே நின்று வெகுநேரம் முகர்ந்தாள். என் கையை நீங்கள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. பிறகு அவள் திரும்பிப் போய்விட்டாள். இன்று போனாள், இந்தக் கோடை முழுக்கப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டேல். அந்தக் கவலையோடுதான் விமானம் ஏறினோம்.

ஊருக்கு வந்த பிறகு, பொட்டலத்தைப் பற்றி ஒரு நாளாவது என்னைக் குத்திக் காட்டினீர்களா? சனிக்கிழமைகளில் பையை என் கையில் கொடுக்கும்போது மட்டும், "உள்ளுக்க ஏதும் வச்சிட்டீரோ?" என்று கேட்பீர்கள். அதுகூடச் சிரித்துக்கொண்டுதான். பிறகு உங்களுக்கு வயிற்றில் வலி வந்தது. வலிக்கு ஒரு பெயர் வந்தது. சனிக்கிழமைகள் குளக்கரையிலிருந்து மருத்துவமனைக்கு மாறின. ஒவ்வொரு முறையும் உங்கள் முதல் கேள்வி உடம்பைப் பற்றியதல்ல.

"அவ இருக்கிறாவோ?"

டேலுக்கு எழுதிக் கேட்டேன். இந்த வருடம் அவளைக் காணவில்லை, கரை நீளமானது, இதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று ஒரு மதியம் பதில் வந்தது. கைப்பேசியை அணைத்துவிட்டு உங்கள் அறைக்குள் வந்தேன். கேட்டீர்கள்.

"இருக்குக்கா. டேல் எழுதியிருக்காரு. ஆத்தோரமா பாத்தாங்களாம்."

"குட்டியோ?"

"அதுவும் இருக்காம். பெரிசாயிடுச்சாம்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். "மாதாவே" என்று கண்ணை மூடினீர்கள். பிறகு, மூடிய கண்ணோடே, "அப்ப சரி. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும்" என்றீர்கள். நம்பினீர்களா, இல்லை பொய்யைக் கண்டுபிடித்து எனக்கு ஒரு வேலை கொடுத்தீர்களா? அடுத்த சனிக்கிழமைக்கு நீங்கள் இல்லை. அதனால் கேட்க முடியவில்லை.

உங்கள் மகள் பையை எடுத்து வந்து, "அன்ரி, யூ டேக் இட். அம்மா வுட் வாண்ட் தட்" என்றாள். கிழிந்த பக்க அறையை நீங்கள் மீன் வலை நரம்பால் தைத்திருந்தீர்கள். உள்ளே கை விட்டேன். கரித்துண்டு இருந்தது.

இந்த ஜூன் மாதம், இங்கே எல்லோரும் குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், நான் கிளம்பினேன். மணலில் இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் டேலிடம் சொன்னேன்: "அந்த மீன் என்னுடையது. அவருக்கு அது தெரியவே தெரியாது." அவர் தன் காலணியிலிருந்த மணலைத் தட்டினார். "ஏதோ சரியில்லை என்று அன்றே நினைத்தேன். எந்தப் பக்க அறை கிழிந்தது என்று திரும்பிப் பார்க்கவிடாமல் கேட்டேன். இடது பக்கம் என்றார். கிழிந்ததோ வலது பக்கம்" என்றார். பிறகு பையை வாங்கி ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஐந்து நாளும் உங்கள் பை பற்பசையோடு சிறையில் இருந்தது அக்கா. கரியை மட்டும் டேலின் அனுமதியோடு நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அவள் வரவில்லை. இரண்டாம் நாள் வேறு இரண்டு கரடிகள் வந்தன. இரண்டுக்கும் காது முழுசாக இருந்தது. மூன்றாம் நாள் மழை. நாலாம் நாள் டேல் என் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கே கரடிகள் எத்தனையோ காரணத்துக்காகக் காணாமல் போவதுண்டு என்று, வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள், கடல் வற்றி முடிகிற நேரம், புல்வெளி ஓரமாக ஒரு பழுப்பு முதுகு அசைந்தது. நான் கேமராவைத் தூக்கி முதலில் காதைத் தேடினேன். கிழிசல் இருந்தது.

நாற்பது அடி தூரத்தில் நாம் உட்கார்ந்த அதே மரத்தைக் கடந்து போனாள். எங்கள் காலடியில், கூட வந்திருந்தவர்களின் ஐந்து பைகள் கிடந்தன. மூக்கைத் தூக்குவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தூக்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை, பைகளையும் பார்க்கவில்லை. ஈர மணலுக்குப் போய்க் குனிந்து மட்டி கிண்ட ஆரம்பித்தாள். நம்மை அவள் சுத்தமாக மறந்துவிட்டாள் அக்கா. யாராவது நம்மை மறந்ததற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. டேல் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் வயிறு பதிய மணலில் படுத்தேன். அமத்தவில்லை. காத்திருந்தேன். மேகம் விலகி, அவள் தலையைத் தூக்கி, கண்ணில் வெளிச்சம் விழுந்த பிறகு ஒரு முறை அமத்தினேன். ஒன்றே ஒன்று. உங்கள் மகளுக்கு ஒரு பிரதி, உங்கள் பழைய சமையலறைச் சுவருக்கு ஒரு பிரதி.

நேற்று அந்தச் சீருடைப் பெண் பையைத் துழாவிவிட்டுக் கடைசியில் கரித்துண்டைத்தான் கண்டுபிடித்தாள். என்ன இது என்றாள். என் தோழியுடையது என்றேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பையை நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் நாய் உட்காரும் என்றாள். தலையாட்டினேன். கழுவப்போவதில்லை.

சனிக்கிழமை குளக்கரைக்கு வருகிறேன். அன்னங்கள் இருக்கும், நான் சத்தம் போடமாட்டேன். அன்று உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னது பொய். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னீர்கள், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அவ இருக்கிறா அக்கா. இந்தத் தடவை குட்டி இரண்டு.